படச்சுருளே இல்லாத ‘ரோப்’பைத் தேடி அலைந்தது

லண்டனில் நாடக வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது, பேட்ரிக் ஹாமில்டனின் ‘ரோப்’ நாடகம் ஆரம்பகால டிவியில் எப்படி வந்தது என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஹிட்ச்காக் 1948இல் எடுத்த படம் எல்லாருக்கும் தெரியும். வெட்டே தெரியாமல் நீள நீளமான ஷாட்களில் எடுத்தார் என்று அதைக் கொண்டாடுவார்கள். ஆனால் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1939 மார்ச்சில், பிபிசி இதே நாடகத்தை டிவியில் ஒளிபரப்பியிருக்கிறது. தயாரித்தவர் டல்லஸ் பவர். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பினேன்.

பார்க்க முடியாது. அன்றைய டிவி நாடகம் முழுக்க நேரலை. பதிவு செய்து வைக்கிற வழக்கமும் கிடையாது, வசதியும் கிடையாது. போருக்கு முன் ஒளிபரப்பான நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக மிஞ்சவில்லை. இந்தத் துறையில் தேட இறங்குகிறவர்கள் இதை முதலிலேயே மனசில் போட்டுக்கொள்வது நல்லது. நாம் தேடுவது படத்தை இல்லை, காகிதத்தை.

காகிதத்தில் எளிதில் கிடைப்பது பிபிசி ஜீனோம். ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் பழைய நிகழ்ச்சிப் பட்டியல்கள் அத்தனையும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ‘ரோப்’ என்று மட்டும் தட்டினால் மலையேற்றம், கயிறாட்டம் என்று எதெல்லாமோ வந்து விழும். ஆசிரியர் பெயரைப் போட்டு, வருஷத்தைச் சுருக்கித் தேட வேண்டும். 1932இல் வானொலி நாடகமாக வந்தது, 1939இல் டிவி, போர் முடிந்து 1947இல் மறுபடியும் டிவி என்று வரிசை பிடிபடும். 1947இல் கதையின் இரண்டு கொலைகாரர்களில் ஒருவனான கிரனிலோவாக நடித்தவர் டர்க் போகார்ட். பிற்பாடு பெரிய சினிமா நட்சத்திரமானவர், அப்போது புதுமுகம் மாதிரிதான்.

அடுத்தது நாடகப் பிரதி. அச்சுப் புத்தகமே போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குத் திருப்தியில்லை. பிரிட்டனில் 1968 வரை பொது மேடையேறும் நாடகம் எதுவும் லார்ட் சேம்பர்லின் என்கிற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் தணிக்கை உரிமம் வாங்கியாக வேண்டும். அப்படி ஒப்படைத்த பிரதிகள் இப்போது யூஸ்டன் சாலையில் இருக்கிற பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அதற்கு வாசகர் அட்டை வேண்டும். காசு இல்லை. முகவரிக்கு ஒரு ஆவணம், கையெழுத்துக்கு ஒரு ஆவணம், அவ்வளவுதான். கோட்டும் பையும் கீழே லாக்கரில். உள்ளே கொண்டுபோவதை எல்லாம் ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பழைய தாளை நுரைத் தாங்கிமேல் வைத்து, துணி சுற்றிய நீளமான எடைக்கயிற்றைப் பக்கத்தின் மேல் கிடத்திப் படிக்கச் சொல்வார்கள். கழுத்து வலிக்கும், ஆனாலும் அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

படிக்கும்போது என்னை நிறுத்தியது தொடக்கம்தான். திரை விலகும்போது கிட்டத்தட்ட முழு இருட்டு. கணப்பின் மங்கல் வெளிச்சத்தில் ஒரு பெரிய பெட்டி. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் இருவர், பிராண்டனும் கிரனிலோவும், சகமாணவன் ரொனால்ட் கென்ட்லியைக் கொன்று அதற்குள் போட்டிருக்கிறார்கள். பிராண்டன் விளக்கைப் போட, அணைக்கச் சொல்லிப் பதறுகிறான் கிரனிலோ. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டிமேலேயே விருந்துச் சாப்பாடு வைக்கப்படும். செத்தவனின் அப்பாவும் வந்து சாப்பிடுவார். ஒரே அறை, ஒரே ராத்திரி. அங்கம் முடிந்து திரை விழுந்தாலும் கதை நேரம் இடைவெளி விடாமல் ஓடுகிறது.

அன்றைய டிவி கேமராவுக்கோ ஏகப்பட்ட வெளிச்சம் வேண்டும். அந்த இருட்டை எப்படிக் காட்டினார்கள்? மேடையில் பயமுறுத்துவதே அதுதான். இந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

கிடைத்த விடை வேறு. பிபிசி அப்போது டிவி ஒளிபரப்பிய இடமான லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் இருந்த ஸ்டூடியோ ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70க்கு 30 அடி. எங்கள் ஒத்திகைக் கூடத்தில் தரையில் டேப் ஒட்டி அந்த அளவைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் பெட்டிக்குப் பதில் ஒரு பெஞ்சு, எட்டுப் பாத்திரங்களுக்கு எட்டு நண்பர்கள், கேமராக்களாகச் சக்கர நாற்காலிகள். அங்கே பயன்படுத்திய எமிட்ரான் வகைக் கேமராவில் லென்ஸை மாற்ற முடியாது, முகத்தை நெருக்கத்தில் காட்ட கேமராவையே தள்ளிக்கொண்டு போக வேண்டும். செத்தவனின் அப்பா சர் ஜான்ஸ்டனிடம் ஒரு நாற்காலி போனதும் பரிமாறுகிற வேலைக்காரன் சபோ வர வழியில்லாமல் நின்றுவிட்டான். ஆளுக்கு ஆள் சிரித்தோம். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று வெட்டவும் அப்போது முடியாது, ஒரு படம் மெதுவாக மங்கி அடுத்தது தெளியும். ஆகவே நீண்ட ஷாட்தான் எளிது. தயாரிப்பாளர் டல்லஸ் பவர் அப்படித்தான் எடுத்தார். ஹிட்ச்காக் சாதனையாகச் செய்ததை இவர் கருவி விட்ட வழியிலேயே செய்திருக்கிறார். அதற்காக ஹிட்ச்காக்கின் வேலை குறைந்துவிடாது. அவர் விரும்பி ஏற்ற சிரமம் அது, இவருக்கு விதித்த சிரமம். என் கட்டுரையின் வாதமே அதுவானது.

தயாரிப்புக் கோப்பு, கடிதம் என்று இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு ரெடிங் பக்கத்தில் கேவர்ஷாமில் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது. என்ன நாடகம், எந்தத் தேதி, யார் தயாரிப்பாளர் என்று தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். ஜீனோமில் எடுத்த தேதி அங்கேதான் கைகொடுக்கும். தேதி சொல்லாமல் ‘ரோப் பற்றி எல்லாம்’ என்று கேட்டால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.