முரட்டுத்துணி தேடிப் பாலராமபுரம் வரை

நாகர்கோவிலில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினேன். களியக்காவிளை தாண்டினதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். ஆனால் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து நெசவு ஊரான பாலராமபுரத்தில், நெசவுச் சாதியான சாலியர் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்குள்ளிருந்து தமிழ் கேட்கும். திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடியேற்றிய நெசவாளர்களின் வம்சம் இது.

நான் போனது சரிகைக் கரை போட்ட கசவுத் துணி வாங்க இல்லை. ஒரு குப்பாயம், அதாவது அந்தக் காலத்துப் பெண்களின் மேல்சட்டை, தைக்கத் துணி வேண்டும்.

எங்கள் நாடார் குடும்பத்துப் பெண்கள் ஒரு காலத்தில் மார்பை மறைத்ததற்கே அடிபட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரரான கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப்போல் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு வந்தது. 1829-லும் அதே கதைதான்: குப்பாயம் சரி, மேல்சாதிப் பெண்களைப்போல் தோளில் போடும் தோள்சீலை கூடாது. 1859 ஜூலை 26 பிரகடனத்தில்தான், எந்த மதமானாலும் நாடார் பெண்கள் மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது. என்ன துணி, எப்படிச் சுற்றுவது என்பதையெல்லாம் அரசாங்கம் எழுதிவைத்திருக்கிறது! அதைப் படித்த நாளிலிருந்து, அந்த முரட்டுத்துணியில் ஒரு குப்பாயத்தைக் கையால் தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல் தடவை இப்போதைய பிளவுஸ் அளவில், உடம்போடு ஒட்டவைக்கும் மடிப்பான டாட் பிடித்து வெட்டிவிட்டேன். கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்துப் பிடித்தது, தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்ணுக்கு அது ஆகாது. அப்புறம் திருவனந்தபுரத்தில் ஒரு சிநேகிதியின் பாட்டி போட்டிருந்த பழைய சட்டையைப் பிரித்து விரித்துப் பார்த்தேன். டாட் கிடையாது, வளைவு வெட்டும் கிடையாது. துணியைத் தோளில் மடித்து, கழுத்தை மட்டும் வெட்டி, இரண்டு பக்கமும் நேரான கையை ஒட்டியிருந்தார்கள். கை ஒட்டிய தையல் சரியாகத் துணியின் ஓரத்தில் விழுந்திருந்தது, தறியில் நெய்த ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்கவும் இல்லை. தறியின் அகலம்தான் உடம்பின் அகலம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

அதனால்தான் தறிக்காரரிடம் நேரே வந்தேன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் என் துணி மாதிரியை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இவ்வளவு தடி நூலா? நாங்க 80, 100 நம்பர் மெல்லிசு நூல்லதான் ஓட்டுறது. இதுக்குத் தறியோட அச்சு மாத்தணும் மக்ளே."

"மாத்திக்குடுங்க பாட்டா. எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல."

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தறியை நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நான் தைத்திருந்த மாதிரிக் குப்பாயத்தை வாங்கி, பையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை உற்றுப் பார்த்தார். இரண்டு நூல் இடைவெளியில் ஓட்டிய தையல். என் விரலில் இன்னும் ஊசி குத்திய தழும்பு இருக்கிறது. அவர் குப்பாயத்தின் கையைத் தன் கையோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு விரல் நீளம் வேணும். வெயில்ல வேலைக்குப் போறவங்கதானே" என்றார்.

எழுதிக்கொண்டேன். பெரியவர் அளவுக்கோலை எடுத்தார்.

"அகலம் சொல்லு மக்ளே."