நிலையக் குறியீடும் 15 விநாடிப் பிழையும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உள்ள தகரக் கூடத்தில் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும்தான் இருக்கின்றன. இதே மலைத்தொடரில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டினார்கள் என்று பள்ளி நாளில் படித்ததிலிருந்து தொற்றிக்கொண்ட ஆசை இது.

புவியண்மைச் சிறுகோள்களின் இருப்பிடத்தை அளந்து அனுப்புவதற்கு, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் கீழ் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இயங்கும் மைனர் பிளானட் சென்டர் வழங்கும் நிலையக் குறியீடு, அதாவது அளக்கும் இடத்துக்கான அடையாள எண், வேண்டும். பாதை நன்கு தெரிந்த சிறுகோள்கள் சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அளந்து, நம் அளவீடு நம்பத்தக்கது என்று காட்டினால்தான் அது கிடைக்கும். மழைக்காலம் ஓய்ந்த ஜனவரியில், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிலவற்றைப் படமெடுத்து, கையா விண்கலம் அளந்த விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு அளந்தேன். பிழை அரை வில்விநாடிக்குள் (வில்விநாடி என்பது நேரமல்ல, ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கான கோண அளவு) நின்றது, குறியீடும் வந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நிமிடத்துக்கு 20 வில்விநாடி நகர்ந்துகொண்டிருந்த, பாதை ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு புவியண்மைச் சிறுகோளை ஒத்திகைக்காக அளந்தபோது, அது இருக்க வேண்டிய இடத்துக்கு 5 வில்விநாடி முன்னால் இருப்பதாகக் கணக்கு வந்தது. எல்லாப் படங்களிலும் அதே அளவு, அதே திசை. கையிலிருந்த காசையெல்லாம் தொலைநோக்கியின் கண்ணாடியில் போட்டவன் என்பதால் முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகித்தேன், பிறகு கணினிக் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டேன், அதிலும் குறையில்லை. இரண்டு இரவுகள் வீணான பின், படக் கோப்பின் தொடக்கத்தில் படமெடுத்த விவரங்கள் பதிவாகும் தலைப்புப் பகுதியை வரிவரியாகப் படித்தபோது விடை கிடைத்தது. 30 விநாடி நீளும் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தொடக்க நேரத்தை எழுதியிருக்க, அளவிடும் மென்பொருள் அதையே நடு நேரமாக எடுத்துக்கொண்டிருந்தது. 15 விநாடியில் அந்தச் சிறுகோள் நகரும் தூரம் சரியாக 5 வில்விநாடி.

குறியீட்டுக்காக அனுப்பிய அளவீடுகளிலும் இதே பிழை இருந்திருக்கிறது. அந்தச் சிறுகோள்கள் நிமிடத்துக்கு அரை வில்விநாடி மட்டுமே நகர்ந்ததால், பிழை அரைக்கால் வில்விநாடியாகச் சுருங்கி, காற்றின் நடுக்கத்துக்குள் ஒளிந்துகொண்டது. அமைப்பைத் திருத்தி, அவற்றை மறுபடி அளந்து, தவறைச் சொல்லித் திருத்தங்களை அனுப்பினேன். அன்றிரவே அந்தப் புவியண்மைச் சிறுகோளை 5 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கி அளந்தேன், வித்தியாசம் 0.4 வில்விநாடி.