புதுச் சைக்கிளின் கியர் தயங்கினால்

புதுச் சைக்கிள் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே சொல்லும் புகார் ஒன்று உண்டு. முதல் நாள் தொட்டதும் மாறிய கியர் இப்போது தயங்குகிறது, நடுவில் ஏதோ ஒரு கியரில் செயின் உரசிக்கொண்டே வருகிறது. என் சைக்கிளும் அப்படித்தான் ஆனது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்ற லீவரை அழுத்தினால், பெடல் ஒரு முழுச் சுற்று வந்த பிறகே செயின் மனமிரங்கி ஏறியது.

இதை யாரும் பழுது என்று எண்ணிக் கலங்க வேண்டாம். லீவரின் அசைவைப் பின்னால் கொண்டுசெல்லும் கேபிள் நீண்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எஃகுக் கம்பி அவ்வளவு சுலபத்தில் நீளாது. கம்பியை மூடியிருக்கும் உறையும் அதன் முனை மூடிகளும்தான், ஓட்ட ஓட்டத் தத்தம் இடத்தில் அழுந்திப் பதிகின்றன. அதனால் கம்பியின் இழுவிசை கொஞ்சம் குறைகிறது. அந்தக் கொஞ்சமே போதும். பின்னால் எட்டுப் பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4.8 மில்லிமீட்டர், பதினொன்று இருந்தால் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் டூரா ஏஸ் வரிசையில், ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஓட்டுபவரே சத்தத்தைக் கேட்டு லீவரை நகர்த்தி இடம் பிடிப்பார். இப்போது அந்தக் கணக்கை லீவர் பார்த்துக்கொள்கிறது. கேபிளின் இழுவிசை சரியாக இருந்தால்தான் கணக்கும் சரியாக வரும்.

சரிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்தான் டீரெய்லியர். பின்பக்க டீரெய்லியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய சிறிய உருளை இருக்கும். சில மாடல்களில் அது லீவர் பக்கம் இருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைச் சுற்றியபடியே செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு சொடுக்கு கொடுங்கள். செயின் இரண்டாவதற்கு ஏறத் தயங்கினால், சைக்கிளின் பின்னால் நின்று பார்த்தபடி உருளையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். இழுவிசை கூடும். ஏறுவது சரியாக இருந்து இறங்குவதுதான் தாமதம் என்றால், மறுபக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முழுச் சுற்று திருப்பினால், எங்கிருந்து தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

சரியான இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். செயின் இரண்டாவது பல்சக்கரத்தில் ஓடும்போது, சொடுக்கு விழாத அளவுக்கு லீவரை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். செயின் மூன்றாவதன் பல்லை லேசாகத் தொட்டுக் கரகரக்க வேண்டும். லீவரை விட்டதும் அந்தச் சத்தம் அடங்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் இந்தக் கரகரப்பைக் கேட்ட பிறகே கையைத் துடைப்பேன்.

டீரெய்லியரில் 'எச்', 'எல்' என்று குறித்த இரண்டு ஸ்குரூக்களைப் பார்த்ததும் பலருக்குத் திருப்புளி எடுக்கத் தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். செயின் இரு ஓரங்களையும் தாண்டிப் போகாமல் தடுக்கும் எல்லைகள் அவை. நடுக் கியர்கள் சரியாக விழுகின்றனவா என்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. 'எல்' தளர்ந்திருந்தால் செயின் சக்கரக் கம்பிகளுக்குள் விழும். ஓடும்போது அது நடந்தால் கீழே விழ நேரிடும்.

உருளையை எவ்வளவு திருப்பியும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடுகிறதா? சைக்கிளின் பின்னால் குனிந்து பாருங்கள். டீரெய்லியரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால், அது மாட்டியிருக்கும் தொங்குதகடு வளைந்திருக்கிறது. சைக்கிள் வலப்பக்கமாக ஒருமுறை விழுந்தாலே வளைந்துவிடும். அடிபட்டால் சட்டகத்துக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்றுதான் அதை மென்மையாகச் செய்கிறார்கள். அதை நிமிர்த்தத் தனிக் கருவி உண்டு. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

நிறுத்திவைத்துச் சரிபார்த்தது சாலையில் கொஞ்சம் மாறலாம், ஏனென்றால் அங்கே செயின்மீது நம் பாரமும் சேர்கிறது. சிறு ஏற்றம் ஒன்றில் ஓட்டி எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள். எங்காவது தயங்கினால், இறங்கி இன்னொரு கால் சுற்று.