பிப்ரவரி 29: ஒரே தேதிக்கு ஒரு நாட்குறிப்பு

19 பிப்ரவரி 2024, திங்கள்

அடுத்த வாரம் வியாழக்கிழமை பிப்ரவரி 29. அந்த ஒரு தேதிக்குள் எவ்வளவு கதை அடங்கியிருக்கிறது என்று அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக எழுதப் போகிறேன். "தெரியுமா உங்களுக்கு?" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறவற்றை அப்படியே எடுத்துப் போட மாட்டேன். சரிபார்த்து நிற்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். துணுக்கு சின்னதாக இருந்தாலும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பருவங்கள் ஒரு சுற்று சுற்றி வர 365 நாளும் ஏறக்குறைய 5 மணி 49 நிமிடமும் ஆகிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அதை 6 மணி என்று வைத்துக்கொண்டு நான்கு வருடத்துக்கு ஒரு நாள் சேர்த்தார். வருடத்துக்கு 11 நிமிடம் மிஞ்சியது. மிஞ்சியது சேர்ந்து சேர்ந்து 1582-இல் பத்து நாளாகி நின்றது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்தப் பத்து நாளை வெட்டினார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி! கூடவே, நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம் என்ற விதியும் வந்தது. அதனால்தான் 1900-இல் பிப்ரவரி 29 இல்லை, 2000-இல் இருந்தது.

21 பிப்ரவரி, புதன்

இன்றைக்கு ஸ்வீடன். உலகத்தில் பிப்ரவரி 30 என்ற தேதியைப் பார்த்த நாடு அது.

சீசரின் பழைய நாட்காட்டியிலிருந்து கிரிகோரியின் புதியதற்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம், 1700 முதல் 1740 வரை லீப் நாட்களை மட்டும் விட்டுவிட்டு மெல்லப் போய்ச் சேரலாம் என்று முடிவெடுத்தார்கள். 1700-இல் சொன்னபடி விட்டார்கள். அப்புறம் ரஷ்யாவோடு பெரிய போர். 1704, 1708 இரண்டிலும் லீப் நாளை விடாமல் சேர்த்துவிட்டார்கள். விளைவு, ஸ்வீடன் தேதி பழைய கணக்கோடும் ஒட்டவில்லை, புதியதோடும் ஒட்டவில்லை. கடைசியில் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பழையதற்கே திரும்பச் சொன்னார். குறைந்த நாளை ஈடுகட்ட 1712 பிப்ரவரியில் இரண்டு நாள் சேர்த்தார்கள்: 29, 30. புதிய நாட்காட்டிக்கு மாறியது 1753-இல். அந்த வருடம் பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1.

24 பிப்ரவரி, சனி

இன்று மாசி மகம். கடற்கரைப் பக்கம் போக முடியாத கூட்டம்.

ரோமானியர் காலத்தில் லீப் நாள் வந்தது 29-இல் அல்ல, இன்றைய தேதியை ஒட்டித்தான். பிப்ரவரியின் பின்பாதியில் அவர்கள் தேதியைப் பின்னோக்கி எண்ணுவார்கள். மார்ச் முதல் தேதிக்கு "ஆறாம் நாள்" என்றால் பிப்ரவரி 24. அந்த ஆறாம் நாளை லீப் வருடத்தில் இரண்டு முறை எண்ணினார்கள். 29 என்ற எண்ணுக்கே வேலை இல்லை.

24-லிருந்து 1 வரை ஐந்து நாள்தானே, ஆறு எப்படி வந்தது? தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணுவது அவர்கள் வழக்கம், நாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுவது போல. இந்தப் பழக்கமே ஒரு குழப்பத்தையும் கொண்டு வந்தது. சீசர் கொல்லப்பட்ட பிறகு, "நான்காவது வருடம்தோறும்" என்ற அவர் விதியைப் பூசாரிகள் இதே முறையில் எண்ணி, மூன்று வருடத்துக்கு ஒரு லீப் நாள் சேர்த்துக்கொண்டே போனார்கள். அகஸ்டஸ் தலையிட்டுச் சில லீப் வருடங்களை நிறுத்தி வைத்துத்தான் கணக்கு நேரானது.

இன்று பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலின் நினைவு நாளும்கூட. 1986-இல் இதே தேதியில் காலமானார். அவர் பிறந்தது பிப்ரவரி 29. நாளைக்கு அவரைப் பற்றி.

25 பிப்ரவரி, ஞாயிறு

இந்தத் தேதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29, குஜராத்தில் வல்சாட் பக்கத்தில் பதேலி என்ற ஊரில். நான்கு வயதில் வந்திருக்க வேண்டிய தேதி வரவில்லை, ஏனென்றால் 1900 லீப் வருடம் அல்ல. ஆக, காலண்டரில் அவர் தன் தேதியை முதன்முதலில் பார்த்தது 1904-இல், எட்டு வயதில். அதே நாளில், அதாவது 1904 பிப்ரவரி 29-இல், மதுரையில் நீலகண்ட சாஸ்திரி வீட்டில் ருக்மிணி பிறக்கிறார்.

பதினாறு வயதில் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்து ஊரின் ஏச்சுகளைத் தாங்கியவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-இல் அடையாறில் மேடையேறியவர், அடுத்த வருடமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். 1952-இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனவர், நடனத்துக்காக மட்டும் பேசவில்லை. விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்கு அதுவே தூண்டுதல்.

1977-இல் மொரார்ஜி பிரதமர், குடியரசுத் தலைவர் பதவி காலி. ருக்மிணி தேவியை நிற்கச் சொல்லிக் கேட்டார் மொரார்ஜி. ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். ஒப்புக்கொண்டிருந்தால் பிரதமரும் குடியரசுத் தலைவரும் பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். இதைவிட அழகான துணுக்கு இந்தத் தேதிக்கு வேறு இல்லை என்பேன். என்றாலும், அந்தத் தற்செயலைவிட அவர் மறுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்.

மொரார்ஜியைப் பற்றி எல்லோரும் பகிரும் இன்னொன்று: "பிறந்தநாளில் இரண்டு பட்ஜெட் தாக்கல் செய்தவர், 1964-லும் 1968-லும்." 1968 சரி. 1964 எப்படிச் சரியாகும்? காமராஜர் திட்டத்தில் 1963-லேயே பதவி விலகியவர்களில் மொரார்ஜியும் ஒருவர். 1964-இல் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெரிய பெரிய தளங்களில்கூட இந்த 1964 அப்படியே நிற்கிறது. இதைப் படிப்பவர்களாவது இனிமேல் பகிர வேண்டாம்.

27 பிப்ரவரி, செவ்வாய்

கொலம்பஸ். நான்காவது பயணத்தில் அவர் கப்பல்களின் பலகைகளைக் கடற்புழு அரித்துவிட்டது. 1503 ஜூனில் ஜமைக்காவின் வடகரையில் இரண்டு கப்பல்களையும் தரைதட்ட வைத்து அதிலேயே தங்கினார்கள். அங்கிருந்த தைனோ மக்கள் மரவள்ளி ரொட்டியும் மீனும் கொடுத்து மாதக்கணக்கில் காப்பாற்றினார்கள். மாலுமிகளில் பாதிப் பேர் கலகம் செய்து ஊர்களுக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். உணவு வருவது குறைந்தது.

கொலம்பஸிடம் ஜெர்மானிய வானியலர் ரெஜியோமொண்டானஸ் கணித்த பஞ்சாங்கம் இருந்தது. 1504 பிப்ரவரி 29 இரவு முழுச் சந்திர கிரகணம் என்று அதில் இருந்தது. தலைவர்களைக் கூப்பிட்டு, "உணவு தராததால் என் கடவுள் கோபமாக இருக்கிறார், இன்றிரவு நிலவில் அது தெரியும்" என்றார். நிலவு எழும்போதே இருள ஆரம்பித்துச் சிவந்தது. மக்கள் அழுதுகொண்டு உணவோடு ஓடி வந்தார்கள். கொலம்பஸ் தன் அறைக்குள் போய் மணற்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்து, கிரகணம் விலகும் தறுவாயில் வெளியே வந்து "மன்னித்துவிட்டார்" என்றாராம்.

இதைச் சாமர்த்தியக் கதையாகவே எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. இதைப் பதிந்தது கொலம்பஸ் தரப்பு, குறிப்பாக அவர் மகன். தைனோ மக்கள் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஏமாற்றப்பட்டவர்கள் மாதக்கணக்கில் சோறு போட்டவர்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

28 பிப்ரவரி, புதன்

எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 29-02-1900 என்று வரும். இல்லாத தேதி! பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் 1900-ஐ லீப் வருடமாக வைத்திருந்தார்கள். அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செல்லும் அப்படியே எடுத்துக்கொண்டது. திருத்தினால் கோடிக்கணக்கான கோப்புகளில் தேதி ஒரு நாள் நகரும் என்பதால் இன்றுவரை தொடவில்லை.

நம் சூரிய நாட்காட்டிக்கு லீப் நாளே தேவைப்படுவதில்லை. வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் வருடம் என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை; இன்றைய அளவில் 365 நாளும் ஏறக்குறைய 6 மணி 12 நிமிடமும். சூரியன் ராசி மாறும்போது மாதம் மாறும். அதனால் மார்கழிக்கு 29 நாளும், ஆனிக்கோ ஆடிக்கோ 32 நாளும் வரும். மிச்சக் கணக்கு மாதங்களுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. தெரிந்த அக்கா ஒருவர் பிப்ரவரி 29-இல் பிறந்தவர். "எனக்கென்ன குறை, மாசி மாசம் என் நட்சத்திரம் வருஷா வருஷம் வருதே" என்பார். அர்ச்சனையும் பாயசமும் ஒரு வருடம்கூட தவறியதில்லை.

29 பிப்ரவரி, வியாழன்

காலையில் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் பெரிய எழுத்தில் 29, கீழே மாசி 17. அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரான்சில் இன்று "லா பூஜி து சாப்பர்" பத்திரிகையின் 12-ஆம் இதழ் வந்திருக்கிறது. 1980-இல் தொடங்கியது, பிப்ரவரி 29-இல் மட்டும் வரும். குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை அடுத்த இதழில், அதாவது நான்கு வருடம் கழித்து. 2004-இல் பிப்ரவரி 29 ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஞாயிறு இணைப்பும் போட்டார்கள். அடுத்த ஞாயிறு இணைப்புக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் வில்சன் பிறந்தது 1812 பிப்ரவரி 29. இறந்தது 1880 பிப்ரவரி 29.

வேடிக்கைகளுக்கு நடுவே சொல்லத் தயங்கியது ஒன்று உண்டு. 1960-இல் இதே இரவு மொராக்கோவின் அகாதிர் நகரில் நிலநடுக்கம். நீடித்தது ஏறக்குறைய 15 விநாடிதான். குறைந்தது 12,000 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இந்தத் தேதி நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பது ஆறுதலா, வேதனையா?

1 மார்ச், வெள்ளி

நேற்று நியூசிலாந்தில் ஆளில்லாத பெட்ரோல் பங்குகள் பல மணி நேரம் வேலை செய்யவில்லை. கார்டில் பணம் வாங்கும் மென்பொருளுக்கு 29 புரியவில்லை. 2012-இல் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் என்ற மேகக் கணினிச் சேவை முடங்கியதும் இதே போலத்தான்: ஒரு வருடம் செல்லும் சான்றிதழுக்கு முடிவுத் தேதி போட, வருடத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டினார்கள், 29-02-2013 என்று வந்தது. அப்படி ஒரு நாளே கிடையாதே.

2100-இல் பிப்ரவரி 29 வராது. நான்கால் வகுத்துப் பார்த்து முடிவு செய்யும் நிரல்கள் எல்லாம் அன்றைக்கு மாட்டும். 2096-இல் இந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் அதை மறுபடி காலண்டரில் பார்ப்பது 2104-இல்தான்.