தள்ளுவது மோட்டார், இழுப்பது சவ்வு

ஜூன் 3, 2024

பச்சை குத்தக் காந்தச் சுருளால் இயங்கும் காயில் மெஷினை அலமாரியில் வைத்துவிட்டு, மோட்டாரின் சுழற்சியால் இயங்கும் ரோட்டரி மெஷினைக் கையில் எடுத்து இன்றோடு ஒரு மாதம் நிறைகிறது. சேலம் அஸ்தம்பட்டி மாடியறையில் ஒன்பது ஆண்டுகளாக என் காதோரம் இரைந்துகொண்டிருந்த ஒலி அடங்கிவிட்டதால், கீழே ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தின் ஹாரன்கூட இப்போது தெளிவாகக் கேட்கிறது. ரோட்டரி புதிய சரக்கு அன்று. எடிசனின் மின்பேனாவை அடியொற்றி நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891இல் காப்புரிமை பெற்ற பச்சை குத்தும் இயந்திரமே சுழலும் வகையைச் சேர்ந்ததுதான். காந்தச் சுருள்கள் அதன் பிறகு வந்தவை.

என் வேலையை மாற்றியது மோட்டார் அன்று, அதன் முனையில் மாட்டும் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசிகள் அடங்கிய பிளாஸ்டிக் கூடு. முன்பு ஊசிக்கம்பி, எஃகுக் குழாய், ரப்பர் பேண்டு என்று ஒவ்வொன்றாகப் பூட்டி, வாடிக்கையாளர் எழுந்து போனபின் குழாயைத் தேய்த்துக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்ற வேண்டும். இப்போது கோட்டுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று மெஷினின் கைப்பிடியான கிரிப்பில் செருகித் திருகினால் போதும். இந்த எளிமையில் மயங்கி, அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு மாதமாக நான் பார்க்கவே இல்லை.

ஜூன் 11

காலையில் புதிய பெட்டியைப் பிரித்து, அதிலிருந்து எடுத்த ஒரு கார்ட்ரிட்ஜால் முன்கையில் மூன்று மணி நேரம் வேலை செய்தேன். முடிந்ததும் கிரிப்பைக் கழற்றியபோது, ஊசியைத் தள்ளும் கம்பியின் நுனியில் கறுப்பு மை படிந்திருந்தது. மை அங்கே போயிருந்தால் அதோடு கலந்த இரத்தமும் நிணநீரும் போயிருக்கும் என்பதில் ஐயமில்லை. அடி வயிறு கலங்கிப்போய்ச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எஃகுக் கிரிப்பையும் கம்பியையும் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கிவிடலாம். மோட்டாரை அப்படி வைக்க முடியாது. மெஷினுக்கு மேலே எத்தனை பிளாஸ்டிக் உறை சுற்றினாலும், உள்ளே புகுந்ததை அது தடுக்காது.

மாலையில் வரவிருந்த இருவரையும் தொலைபேசியில் அழைத்து வேறொரு நாளுக்கு மாற்றிக்கொண்டேன். பெட்டியை விற்றவரிடம் சொன்னபோது, கொஞ்சம் கசிவது இயல்புதான் என்றார். அது இயல்பு அன்று என்று அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12

அந்தப் பெட்டியில் மீதமிருந்த 19 கார்ட்ரிட்ஜ்களையும் சோதனைக்கென்றே பலியிட்டேன். ஒவ்வொன்றையும் பழைய பயிற்சி மெஷினில் மாட்டி, மை கலந்த நீரில் முனையை நனைத்தபடி 8 வோல்ட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பின்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பார்த்தேன். நான்கில் கறை தெரிந்தது. அவற்றில் ஒன்றைப் பிளேடால் பிளந்ததும் காரணம் விளங்கிவிட்டது.

கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சவ்வுக்கு இரண்டு வேலைகள் உண்டு. காயில் மெஷினில் ஊசிக்கம்பி, காந்தம் இழுக்கும் இரும்புப் பட்டையான ஆர்மேச்சரோடு பூட்டப்பட்டிருப்பதால், அதுவே தள்ளும், அதுவே இழுக்கும். இங்கே மெஷினின் கம்பி ஊசித்தண்டின் பின்புறத்தை இடித்துத் தள்ளுவதோடு சரி. ஊசியைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது சவ்வின் மீள்தன்மை மட்டுமே. இரண்டாவது வேலை, முனையிலிருந்து பின்னேறும் திரவம் மெஷினுக்குள் போகாதபடி கூட்டைக் குறுக்கே அடைப்பது. நான் பிளந்து பார்த்ததில் முழுச் சவ்வு இல்லை. தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம்தான் இருந்தது. அது ஊசியை இழுத்தது, ஆனால் எதையும் அடைக்கவில்லை. வேலை செய்யும்போது கோடு சுத்தமாக விழுந்ததால் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

இழுக்கும் வேலையில் குறை இருந்திருந்தால் கை உடனே கண்டுபிடித்திருக்கும். சவ்வு தளர்ந்திருந்தால், கம்பி பின்வாங்கிய பிறகும் ஊசி தோலுக்குள் தங்கிவிடும். அந்த நேரத்தில் கை நகர்ந்தால் தோல் கிழியும்.

ஜூன் 16

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறைக்கு வேறு இரண்டு வகைக் கார்ட்ரிட்ஜ்களை எடுத்துப் போனேன். இரண்டும் 1207 ஆர்எல்: 12 என்றால் ஊசிக்கம்பியின் விட்டம் 0.35 மில்லிமீட்டர், 07 என்றால் ஏழு ஊசிகள், ஆர்எல் என்றால் கோட்டுக்கான வட்டக் கட்டு. அப்பா லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஊசிக்கட்டைச் சாமண வாயில் பிடித்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொலுசின் கண்ணிகளுக்கு நாற்பது ஆண்டுகளாகப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த கண் அது.

“இதுல ஊத்து சீரா இருக்குது கண்ணு. அதுல ஒரு ஊசி மட்டும் அரை மயிரளவு முன்னாடி நிக்குது, நுனியும் மடங்கிருக்குது” என்றார். ஊத்து என்று அவர் சொல்வது பற்றவைத்த இடத்தை.

பஞ்சை அந்த நுனியில் மெதுவாக உரசினேன், இழை மாட்டிக்கொண்டது. பஞ்சைப் பிடித்த கொக்கி தோலையும் பிடிக்கும். இனி ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை லென்ஸுக்கு அடியிலும், இன்னொன்றை நீர்ச் சோதனைக்கும் ஒதுக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். 20இல் இரண்டு போனால் போகட்டும்.

ஜூன் 20

பராமரிப்புக்காகக் காலை முதல் மின்சாரம் இல்லை. வேலை எதுவும் எடுக்கவில்லை.

ஜூலை 2

மை புகுந்ததற்குப் பதிலாக வாங்கிய புதிய மெஷினையும், முழுச் சவ்வு உள்ள புதிய கார்ட்ரிட்ஜ்களையும் பயிற்சித் தோலில் ஒரு வாரமாகப் பழகுகிறேன். சவ்வு விறைப்பாக இருப்பதால் மோட்டாருக்குச் சுமை கூடியிருக்கிறது. நிழலடிக்கும் அகலமான ஊசிக்கட்டான மேக்னத்தை 6 வோல்ட்டில் ஓட்டினால் திணறுகிறது, 7க்கு ஏற்றியதும் சீராகிறது. கோட்டுக்கு 8 வரை போகிறேன். என்னிடம் வேலை பழகும் பெண், வோல்ட்டைக் கூட்டினால் ஊசி ஆழமாக இறங்குமா அக்கா என்று கேட்டாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மோட்டாரின் தலையில் உள்ள பேரிங் மையத்திலிருந்து 1.75 மில்லிமீட்டர் விலகியிருந்தால், ஊசி போய்வரும் தூரம் அதன் இருமடங்காகிய 3.5 மில்லிமீட்டர், எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அந்தத் தூரம் மாறாது, ஒரு நொடிக்கு எத்தனை முறை போய்வருகிறது என்பதே மாறும். ஆழத்தைத் தீர்மானிப்பவை, முனைக்கு வெளியே ஊசி எவ்வளவு நீளவிடப்பட்டிருக்கிறது என்பதும், கையின் அழுத்தமும்தான். மேல்தோலைத் தாண்டி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் மை தங்க வேண்டும். அதற்கும் கீழே போனால் கோடு கலங்கிப் பரவிவிடும். கிரிப்பைத் திருகி ஊசியின் நீளத்தை அளந்து வைக்கும் பழக்கம் அவளுக்கு வந்த பிறகே உண்மையான தோலைத் தொட அனுமதிப்பேன்.

ஜூலை 28

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மணிக்கட்டுக்கு மேலே காப்பிப் பூங்கொத்து வேண்டுமென்றார். அம்மாவின் முன்கையில் பச்சையாக மங்கிய ஒரு கோலம் இருந்தது. சிறுவயதில் தெருவுக்கு வந்த ஒருவர் ஒரே ஊசியால் வரிசையாக எல்லோருக்கும் குத்தியதாக அவர் சொன்னபோது, அந்த வரிசையை நினைத்து எனக்கு நெஞ்சு பதறியது.

இருவர் கண்ணெதிரிலும் உறையைக் காட்டினேன்: எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கியதைக் காட்டும் நிறப்புள்ளி, காலாவதித் தேதி, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண். மெல்லிய இதழ்களுக்காக 0.30 மில்லிமீட்டர் லைனரை, அதாவது கோட்டு ஊசிக் கார்ட்ரிட்ஜை, எடுத்து, அவர்கள் பார்க்கப் பிரித்து மாட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து, வேலை முடிந்ததும், கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் பின்பக்கத்தையும் கம்பியின் நுனியையும் டிஷ்யூவில் ஒற்றினேன். வெள்ளையாகவே இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இன்னொரு நாள் நிழலடிக்க வரும்போது இதே கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தினால் செலவு குறையாதா என்று மகள் கேட்டார். அவருக்கே ஆனாலும் ஒருமுறைதான் என்று சொல்லி, துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் அதைப் போட்டேன். பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே லாட் எண்ணையும், ‘கசிவு இல்லை’ என்பதையும் எழுதினேன்.