முட்டைக்குக் கணக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை

கம்பஸில் முதலாம் வருசம் மெக்ரோ, அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பாடம், படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த ஒழுங்கைக்கே அதுதான் மத்திய வங்கி ஆளுநர். எங்கட பட்ச்சில் முக்கால்வாசிப் பேர் வெளி மாவட்டம். ஹொஸ்டலில் கிடந்து தப்பிவிட்டார்கள். நான் திருகோணமலைக்காரன், பாலையூற்றில் இருந்து பஸ் மாறி நிலாவெளிப் பக்கம் போய் வருகிறவன். வழிநெடுக வாய்மொழிப் பரீட்சைதான்.

சந்தியில் ஓட்டோ விடுகிற நானா ஒருநாள் மறித்தார்.

"பணவீக்கம் குறைஞ்சிட்டாம் எண்டு நியூசில சொல்றானுகள். மீன்கடைக்கு மட்டும் ஏன் தம்பி அந்த நியூஸ் போய்ச் சேரல்ல?"

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தின வருசத்தை விட 69.8 சதவீதம் ஏறி நின்றது, அடுத்த செப்டெம்பரில் அந்த ஏற்றம் 1.3 சதவீதம்தான், குறைந்தது ஏறுகிற வேகமே தவிர விலை இல்லை என்று விளக்கினேன். நானா கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப, மான் வேலி பாஞ்சு என்ர வளவுக்குள்ள வந்திட்டு. இப்ப ஓடாம நிக்கிது எண்டு சொல்றீங்க. நிக்கிறது என்ர கத்தரிக்கண்டுக்கு மேலதானே?"

தெருவெல்லாம் மான் திரிகிற ஊரில் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. எங்கட சேர் இதற்கு இரண்டு மணித்தியாலம் ஸ்லைட் போட்டவர்.

வெளியில் இப்படிச் சமாளிக்கலாம். பிரச்சினை வீட்டில் வெடித்தது. விறாந்தையில் இருந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வரைவிலக்கணத்தைச் சத்தம்போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். நாட்டின் எல்லைக்குள், ஒரு வருடத்தில், இறுதிப் பொருட்கள் சேவைகளின் சந்தைப் பெறுமதி. உள்ளே தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

"உதுக்குள்ள நான் எங்க வாறன்?"

"நீங்க வரமாட்டீங்க அம்மா. வீட்டில காசில்லாமச் சமைக்கிறது கணக்கில சேராது. அதே சோத்தைக் கடையில வாங்கினா சேரும்."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் சோதனை நெருங்குகிற நேரம், படித்ததெல்லாம் வாயால் கொட்டும். வீட்டு வேலைக்கு வைத்திருக்கிற பெண்ணை எஜமான் கலியாணம் கட்டினால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பீகூ என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நூறு வருசத்துக்கு முந்தியே சொல்லி வைத்ததையும் எடுத்துவிட்டேன்.

"அப்ப என்னைக் கட்டின அண்டைக்கே உன்ர கொப்பர் நாட்டுக்கு நட்டம் செய்திட்டார்," என்றார் அம்மா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

பிறகு விசாரணை. கோழி? முட்டையை நாங்களே தின்றாலும் அது பொருள், தனக்கென்று செய்த விளைச்சலும் உற்பத்திதான், ஆகவே சேரும். முற்றத்து முருங்கை? அதுவும். இந்த வீடு? சொந்த வீட்டில் இருந்தாலும், வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். அப்பாவின் கந்தோர்? அரசாங்கச் சேவைக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் செலவை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள், சம்பளம் அதில் பெரிய பங்கு.

"கந்தோரில கொட்டாவி விடுற நேரம்?"

"அதுக்கும் சம்பளம்தானே. வரும்."

அம்மா திருவலையை விட்டு எழும்பினார். "கோழி வரும். முருங்கை வரும். சுவர் வரும். இந்த மனுசன்ர கொட்டாவியும் வரும். நான் மட்டும் வரமாட்டன்."

சமையலைச் சேர்த்தால் அதற்கு விலை போடுவது கஷ்டம், எல்லாரும் வேலை செய்கிறவர்களாகி வேலையில்லாதோர் கணக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும், ஐக்கிய நாடுகளின் தேசிய கணக்கு முறைமையே அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது என்று என்னால் முடிந்தவரை பேசினேன். கேட்க ஆளில்லை. அடுத்தநாள் அடுப்பும் மூளவில்லை.

"நாட்டு வருமானத்தைக் கூட்டப்போறன். கடையில எடுங்கோ."

அப்பா சோத்துப் பார்சலோடு வந்தார். முதல் வாயிலேயே அம்மம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். "கணக்கில வாற சோறு இப்பிடி உறைக்குமோ?" என்று கேட்டார். இரவும் பார்சல். அப்பா பர்சைத் திறந்து பார்க்கிற விதத்தில் எனக்கு வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறை என்ற பாடம் முழுசாக விளங்கியது.

தீர்வு கண்டதும் அம்மாதான். பக்கத்து வீட்டு மாமி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர், வியாபாரம் தெரிந்த மனுசி. இரண்டு பேரும் வேலியடியில் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களுக்குக் காலைச் சாப்பாடு மாமி வீட்டில் இருந்து, ஆயிரம் ரூபா. மாமி வீட்டுக்கு மத்தியானச் சோறு அம்மாவிடம் இருந்து, அதுவும் ஆயிரம் ரூபா. காலையில் அப்பாவின் ஆயிரம் ரூபா நோட்டு வேலிக்கு மேலால் போகும், மத்தியானம் அதே நோட்டு திரும்பி வரும். இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளியலாளரின் சமன்பாட்டில் பணத்தின் சுற்றோட்ட வேகம் என்று வருகிறதே, அதை நான் கண்ணால் கண்டது அப்போதுதான். ஒரே நோட்டு, கை மாறுகிற தரமெல்லாம் ஆயிரம். அரிசி, தேங்காய்க்குச் செலவழித்ததைக் கழித்து, கூட்டிய பெறுமதியைத்தான் சேர்க்க வேண்டும். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

நோட்டை வேலியடிக்குக் கொண்டுபோவதும் வாங்கி வருவதும் அம்மம்மாவின் பொறுப்பு. திட்டத்தின் ஓட்டை அதுதான்.

ஒருநாள் நோட்டு திரும்பி வரவில்லை. மாமி கொடுத்துவிட்டேன் என்கிறார். அம்மா கிடைக்கவில்லை என்கிறார். அம்மம்மா கதிரையில் இருந்து பாக்கு இடிக்கிறார்.

மனிதர் ஏன் காசைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1936இல் மூன்று நோக்கம் சொன்னார். அம்மம்மா அவரைப் படிக்காமலே மூன்றுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறார். முந்தானை முடிச்சில் இருப்பது வெற்றிலை பாக்குக்கும் கோயில் தட்டுக்கும், அது கொடுக்கல் வாங்கல் நோக்கம். அரிசி வாளியின் அடியில் இருப்பது வருத்தம் துன்பத்துக்கு, முன்னெச்சரிக்கை. அலுமாரியில் கூறைச் சேலை மடிப்புக்குள் இருப்பது பவுண் விலை விழட்டும் என்று காத்திருக்கிற காசு, அசல் ஊக நோக்கம். பவுண் விலை ஏறுகிற ஏற்றத்தில் அந்தக் காசு இன்னும் காத்திருக்கிறது.

"நோட்டு எந்த நோக்கத்துக்குள்ள போச்சு அம்மம்மா?"

"உனக்கேன்? வேலிக்கு மேலால உப்பிடி ஓடித்திரிஞ்சா காசுக்கு ஒரு மரியாதை இருக்குமோ?"

சேமிப்பு என்பது சுற்றோட்டத்தில் இருந்து ஒழுகுகிற காசு என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒழுக்கு என்று சொல்ல முடியாது, தொட்டியே காலி. அப்பா இன்னொரு நோட்டுத் தர மறுத்துவிட்டார். சம்பளத்துக்கு இன்னும் நாள் கிடந்தது.

அடுத்தநாள் காலை இடியப்பம் மட்டும் வந்தது. பின்னால் மாமியின் குரல். "அக்கா, காசு?"

2022 ஏப்ரல் 12ஆம் திகதி திறைசேரி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தி வைத்ததே, அந்தப் பதத்தில் அம்மா பேசினார். "தரமாட்டன் எண்டு சொல்லேல்ல தங்கச்சி. இப்ப தரேலாது."

நாடு தன் பிணைமுறிக்காரரோடு, அதாவது கடன் பத்திரம் வைத்திருக்கிறவர்களோடு, பேசிப் பழைய பிணைமுறிகளுக்குப் புதுசு மாற்றி முடிக்க 2024 டிசம்பர் ஆனது. அம்மாவும் மாமியும் வேலியடியில் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். சம்பலுக்கு மாமி காசு கேட்கமாட்டார். இடியப்பத்துக்கு ஒரு கட்டு முருங்கைக்காயும் எட்டு முட்டையும். சர்வதேச நாணய நிதியம் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

அம்மா கோழிக்கூட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மாமியின் சட்டியில் வைத்தார். விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன்ர கொப்பியில எழுது. எட்டு முட்டை, ஏற்றுமதி."