எக்ஸ்-ரேயில் தெரிந்தது காசநோயா, கல்தூசியா?

என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு கல் கிரஷர்களில் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு முற்றி வேலையை விட்ட பிறகு, 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுத் தாக்கல் செய்தோம். சிலிக்கா கலந்த கல்தூசி நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த தொழில்நோய். ஆனால் அவருக்கு இருப்பது சிலிக்கோசிஸ்தானா என்பதிலேயே வழக்கு நின்றது.

நிர்வாகத் தரப்பு மருத்துவர், படத்தில் தெரிவது பழைய காசநோயின் தழும்பு என்று சான்றளித்தார். தந்தை ஒரு காலத்தில் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்ட சீட்டே அதற்கு ஆதாரம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு நோய்களுமே பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைப் பற்றுபவை. ஆனால் சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் வரும் என்பதால், ஒன்று இருந்ததைக் காட்டி மற்றொன்று இல்லை என்றும் சொல்ல இயலாது.

எங்கள் தரப்பு நெஞ்சக மருத்துவர் பல ஆண்டுப் படங்களை வரிசையாக விளக்குப் பெட்டியில் மாட்டி, இரு பக்கமும் பரவிய சிறு வட்டப் புள்ளிகளை தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) வைத்துள்ள தரப்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். மாத்திரை முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பின்னரும் அப்புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியிருந்தன. ஆறிய தழும்பு அப்படிப் பெருகாது. குறுக்கு விசாரணையில், இவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டீர்களா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பு மருத்துவர் இல்லை என்றார். என்னைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே திரும்பிவிட்டது; ஐ.எல்.ஓ. வகைப்பாடு படத்தில் தெரிவதை விவரிக்குமே தவிர, வேலை வரலாறு தெரியாமல் அதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது.

அடுத்து, நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறது என்று அளக்கும் ஊதும் பரிசோதனையில் தந்தை வேண்டுமென்றே மெல்ல ஊதினார் என்றார்கள். மனத்தை மிகவும் வருத்திய குற்றச்சாட்டு அது. அறிக்கையில் அச்சாகியிருந்த மூன்று வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. பெரிய இரு அளவுகளுக்கிடையே வேறுபாடு 150 மில்லிலிட்டருக்குள் இருந்தது. நடிப்பவரால் ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

மருத்துவர் எழுதிய 40 விழுக்காடு இயலாமை என்பது நுரையீரலின் கணக்கு. சட்டம் கேட்பதோ சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. இடக்கையை இழந்த தச்சருக்கு முழு இயலாமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். கல் வேலை தவிர வேறெதுவும் அறியாத தந்தைக்கும் அது பொருந்தும் என்று ஆணையர் ஏற்று, தொகையை இரு உரிமையாளர்களும் பங்கிட்டுக் கட்ட உத்தரவிட்டார். முதல் கிரஷரில் வருகைப் பதிவேடே இல்லாததால், உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியமே அந்தப் பங்கீட்டுக்கு அடிப்படையாயிற்று.